பழைய பொறிக்குப் புதிய மூளை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இராசபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் சேத்தூர். அப்பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் ஒரு காலத்தில் கமலை கட்டி நீர் இறைத்தார்கள். இரண்டு காளைகள் வடத்தை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும். சால் மேலே வந்து தொட்டியில் நீரைக் கொட்டும். நீர் வாய்க்கால் வழியே பாத்திகளுக்கு ஓடும். பிறகு எண்ணெய் எஞ்சின் வந்தது. அதன் பின்னர் மின்சார மோட்டார் வந்தது. அப்போது காளைகளை அவிழ்த்து விட்டார்களே அன்றி, கிணற்றைத் தூர்த்துவிடவில்லை, வாய்க்காலை மாற்றவில்லை, பாத்திகளும் இருந்தபடியே இருந்தன. இழுக்கும் ஆற்றல் ஒன்றுதான் மாறியது.

மாணவ நேயர்களே, இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கிணறு அன்று, கணிப்பொறி. ஆயினும் கேள்வி ஒன்றேதான். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சிறு கணிப்பொறியில், விசைப்பலகையும் திரையும் வட்டும் அப்படியே இருக்க, கணக்கிடும் மூளையை மட்டும் மாற்ற இயலுமா? இயலும் என்பது மட்டுமன்று; அவ்வாறு மாற்றுவதற்கென்றே ஒரு கதவைத் திறந்து வைத்துச் செய்யப்பட்ட பொறி ஒன்று இருந்தது. அது நம் நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது. அதன் பெயர் பி.பி.சி. மைக்ரோ.

இங்கிலாந்து நாட்டு வானொலி நிறுவனமாகிய பி.பி.சி., பொதுமக்களுக்குக் கணிப்பொறி அறிவைப் புகட்டுவதற்காக ஒரு திட்டம் வகுத்தது. அதற்கேற்ற பொறியைக் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் என்னும் நிறுவனம் வடிவமைத்து, 1981ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டது. இந்திய அரசின் மின்னணுவியல் துறையும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து, 1984-85ஆம் ஆண்டில் ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கின. முதற்கட்டமாக நாடெங்கிலும் 250 பள்ளிகள் தெரிந்தெடுக்கப்பட்டு, அவற்றுக்கு இப்பொறிகள் வழங்கப்பட்டன. நம் நாட்டுப் பள்ளி மாணவர் பலர் கணிப்பொறி என ஒன்றைத் தொட்டுப் பார்த்தது அப்போதுதான். பஞ்சாபில் மொகாலி என்னும் ஊரில் உள்ள அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இதே பொறியை இங்கேயே செய்யவும் முற்பட்டது. அந்நிறுவனத்தைப் பற்றிப் பின்னரும் பேச நேரும்.

பொறியின் உள்ளமைப்பைச் சற்றே காண்போம். இதன் மூளையாக அமைந்தது 6502 என்ற எண்ணால் அழைக்கப்படும் நுண்செயலி. (செயலி என்ற சொல்லை இக்காலத்தில் கைப்பேசியில் ஓடும் மென்பொருளுக்கும் வழங்குகின்றனர். இப்பேச்சில் அது கணக்கிடும் சில்லையே குறிக்கும்.) அமெரிக்காவில் மாஸ் டெக்னாலஜி என்னும் நிறுவனத்தில் சக் பெடில் என்பவர் தலைமையில் ஒரு சிறு குழு இதை ஆக்கி, 1975இல் 25 டாலருக்கு விற்றது. ஏனையோர் தம் செயலிகளுக்குச் சில நூறு டாலர் கேட்ட காலம் அது! ஏறத்தாழ 3,500 டிரான்சிஸ்டர்களே இதில் அடங்கியிருந்தன. வீட்டுக் கணிப்பொறி என்ற ஒன்று பிறந்ததற்கு இந்த மலிவும் ஒரு காரணம்.

இதனை எட்டுப் பிட் செயலி என்பர். பிட் என்பது 0 அல்லது 1 ஆகிய ஒற்றை இலக்கம். அத்தகைய எட்டு இலக்கங்களை ஒரே சமயத்தில் இச்செயலி கையாளும். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். அதைக்கொண்டு 0 முதல் 255 வரையுள்ள எண்களில் ஒன்றைக் குறிக்கலாம். ஓர் ஆங்கில எழுத்தைக் குறிக்கவும் அது போதும். நினைவகத்தில் எந்தப் பைட் வேண்டும் என்று சொல்லுவதற்குப் பதினாறு கம்பிகள் உண்டு. பதினாறு கம்பிகளால் குறிக்கத்தக்க முகவரிகள் 65,536. சுருக்கமாக 64 கிலோபைட் என்பர். ஓர் ஊரில் கதவெண்கள் அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு வீடு கட்டினாலும் தபால்காரர் அங்கே போக மாட்டார்.

பி.பி.சி. மைக்ரோவின் பி வகைப் பொறியில் இந்த முகவரிகள் அனைத்தும் நிறைந்துவிட்டன. பாதி, அதாவது 32 கிலோபைட், அழியா நினைவகத்துக்குப் போயிற்று. பொறியை நடத்தும் இயக்க முறைமையும், பேசிக் என்னும் மொழியும் அதில் குடியிருந்தன. எஞ்சிய 32 கிலோபைட்தான் எழுதி அழிக்கத்தக்க நினைவகம். அதிலும் மாணவனுக்கு எவ்வளவு கிடைத்தது என்று பாருங்கள். திரையில் மிக நுட்பமான படத்தை வரைய, குறுக்கே 640 புள்ளிகளும் நெடுக்கே 256 புள்ளிகளும் வேண்டும். பெருக்கினால் 1,63,840 புள்ளிகள். கறுப்பு, வெள்ளை என இரு நிறம் மட்டுமே என்றால் புள்ளிக்கு ஒரு பிட். எட்டால் வகுத்தால் 20,480 பைட். சரியாக 20 கிலோபைட்! இயக்க முறைமை தன் குறிப்புகளுக்காக எடுத்துக்கொள்ளுவது மூன்றரைக் கிலோபைட். வட்டு இயக்கியும் இருந்துவிட்டால் அது 6.25 ஆகிவிடும். ஆக, 32 கிலோபைட்டில் மாணவன் தன் நிரலை எழுதிக்கொள்ள எஞ்சுவது ஆறு கிலோபைட்டுக்கும் குறைவு. விருந்தாளிகளுக்கெல்லாம் இலை போட்டபின் வீட்டுப் பிள்ளைக்குத் திண்ணையில் ஒரு மூலை கிடைப்பது போலத்தான்.

ஆகவே இரண்டு குறைகள் தெரிகின்றன. ஒன்று, இடப்பற்றாக்குறை. மற்றொன்று, வேறு செயலிக்கென எழுதப்பட்ட நல்ல மென்பொருள்களை இப்பொறியில் ஓட்ட இயலாமை. இசட் 80 என்ற வேறொரு எட்டுப் பிட் செயலி 1976இல் வந்திருந்தது. கேரி கில்டால் என்பவர் ஆக்கிய சி.பி./எம். என்னும் இயக்க முறைமை அதன்மீது ஓடும். கடிதம் எழுதவும் வணிகக் கணக்கு வைக்கவும் பயன்படும் மென்பொருள்கள் பல அந்த முறைமைக்கெனவே எழுதப்பட்டிருந்தன. ஒரு செயலியின் கட்டளை மொழி மற்றொன்றுக்குப் புரியாது. தமிழில் எழுதிய கடிதத்தைத் தெலுங்கு மட்டுமே அறிந்தவரிடம் நீட்டினால் என்ன ஆகும்? அதே நிலைதான்.

இதற்குத் தீர்வாக அக்காலத்தில் இருவேறு வழிகள் கையாளப்பட்டன. முதல் வழி, 1980இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் ஆப்பிள் 2 பொறிக்கென விற்ற ‘சாப்ட்கார்டு’ என்னும் அட்டை. ஆப்பிள் 2இன் மூளையும் 6502தான். அந்த அட்டையில் ஓர் இசட் 80 இருந்தது. அட்டையைப் பொறிக்குள் செருகினால், புதிய செயலி பழைய செயலியைத் தூங்க வைத்துவிட்டு, அதே நினைவகத்தையும் அதே கம்பிகளையும் தானே எடுத்து ஆளும். விசைப்பலகையையோ வட்டையோ அணுக வேண்டும்போது பழையதை எழுப்பிவிட்டுத் தான் உறங்கும். ஒரே நுகத்தடியில் இரண்டு மாடுகளையும் மாற்றி மாற்றிப் பூட்டுவது போன்றது இம்முறை. எளியது, மலிவானது. அந்நாளில் மிகப் பலர் விரும்பி வாங்கியதும் இதுவே. ஆனால் எப்பொழுதும் ஒரு மாடு சும்மாதான் நிற்கும்.

இரண்டாவது வழி ஏகார்ன் நிறுவனத்தாரது. அது பிறந்த கதையே சுவையானது. தமது அடுத்த பொறியில் எந்தச் செயலியை வைப்பது என்று அவர்களுக்குள் வாதம் நடந்தது. பழகிய 6502ஐயே மேம்படுத்தி வைப்போம் என்றனர் சிலர். பதினாறு பிட் செயலிக்குத் தாவிவிடுவோம் என்றனர் சிலர். நிறுவனத்தாருள் ஒருவரான ஹெர்மன் ஹவுசர் ஒரு நடுவழியைச் சொன்னார். முன்னே 6502 இருக்கட்டும். பின்னே வேறொரு செயலியைச் சேர்த்துக்கொள்ள வழிவிட்டு வைப்போம். அது இன்னது என்று இன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை. வாதத்தை முடிக்க எழுந்த அந்த ஏற்பாடே ‘டியூப்’ என்ற பெயர் பெற்றது.

பி.பி.சி. மைக்ரோவைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் நாற்பது முனைகள் கொண்ட ஓர் இணைப்பு தெரியும். அதுவே டியூப்பின் வாய். இரண்டாம் செயலி தனிப் பெட்டியில் இருக்கும். தனக்கென நினைவகம் உண்டு. தனக்கென மின்வழங்கி உண்டு. தனக்கென ஒரு வேகம் உண்டு. அப்பெட்டியிலிருந்து வரும் பட்டை நாடாவை இந்த வாயில் செருகினால் போதும்.

இனிமேல்தான் நுட்பம் இருக்கிறது. சாப்ட்கார்டு போல இவ்விரண்டு செயலிகளும் நினைவகத்தைப் பங்கு போட்டுக்கொள்ளுவதில்லை. ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று எட்டிப் பார்க்கவும் இயலாது. இரண்டுக்கும் நடுவே ஒரு சில்லு மட்டுமே உண்டு. அதை இரண்டு அறைகளுக்கு இடையில், இருபக்கமும் கதவு வைத்த ஒரு சுவர் மாடம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இந்த அறையில் இருப்பவர் ஓர் ஓலையை மாடத்தில் வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கலாம். அந்த அறையில் இருப்பவர் தமக்கு ஓய்வு கிடைத்தபோது எடுத்துக்கொள்ளலாம். இருவரும் ஒரே வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருவரும் ஒரே மொழியினராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஓலையில் எழுதுவது எப்படி என்பதில் மட்டும் உடன்பாடு இருந்தால் போதும்.

அத்தகைய மாடங்கள் நான்கு இருந்தன. எழுத்துகளைத் திரைக்கு அனுப்ப ஒன்று. அதில் ஒரே சமயத்தில் இருபத்துநான்கு எழுத்துகள் வரிசையில் காத்திருக்கலாம். முதலில் போனதே முதலில் வெளியே வரும். “ஒரு விசையை வாசித்துச் சொல்”, “இந்தக் கோப்பைத் திற” என்பன போன்ற வேண்டுகோள்களுக்கு இரண்டாவது. வட்டிலிருந்து பெருந்தொகுதியாகத் தரவுகளைக் கடத்த மூன்றாவது. கடத்தலைத் தொடங்கவும், பிழை நேர்ந்தால் அறிவிக்கவும் நான்காவது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். இரண்டாம் செயலியில் ஓடும் நிரல், ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்தைத் திரையில் காட்ட விரும்புகிறது. அவ்வெழுத்தின் குறியெண் 65. அந்த எண்ணை முதல் மாடத்தில் வைத்துவிட்டு, இரண்டாம் செயலி தன் அடுத்த கணக்குக்குப் போய்விடும். இப்பக்கத்தில் உள்ள பழைய 6502, மாடத்தில் எண் இருப்பதைக் கண்டு, எடுத்து, எழுத்தின் வடிவத்தைப் புள்ளி புள்ளியாகத் திரையில் வரையும். அது வரைந்து முடிப்பதற்குள் அங்கே பல கணக்குகள் நடந்திருக்கும். இரண்டு மாடுகளும் ஒரே நேரத்தில் உழைக்கின்றன; ஆனால் வெவ்வேறு நுகத்தடியில்.

பொறிஞர்கள் பழைய கணிப்பொறிக்கு விருந்தோம்பி என்றும், இரண்டாம் செயலிக்கு ஒட்டுண்ணி என்றும் பெயர் வைத்தனர். உயிரியலிலிருந்து எடுத்த சொற்கள் இவை. பெயர் பொருந்தவில்லை என்பதே என் எண்ணம். உண்ட வீட்டைக் கெடுப்பது ஒட்டுண்ணி. இதுவோ வீட்டின் கடினமான வேலையையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொள்ளும் விருந்தாளி!

1984இல் வெளிவந்த முதல் இரண்டாம் செயலி 6502 இனத்தையே சேர்ந்தது. விருந்தோம்பி நொடிக்கு 20 இலட்சம் துடிப்பில் நடக்க, இது 30 இலட்சம் துடிப்பில் நடந்தது. அதாவது 2 மெகாஹெர்ட்ஸுக்கு 3 மெகாஹெர்ட்ஸ். தனக்கென 64 கிலோபைட் நினைவகம் இருந்தது. மின்னோட்டம் பாய்ந்தவுடன் பேசிக் மொழி முழுவதும் விருந்தோம்பியிலிருந்து டியூப் வழியே இதன் நினைவகத்துக்குப் படியெடுக்கப்படும். அம்மொழியின் திருத்திய பதிப்பைக் கொண்டால் மாணவனின் நிரலுக்கு 44 கிலோபைட் கிடைத்தது. திரை எவ்வளவு நுட்பமாயினும் இந்த அளவு குறையாது. ஏனெனில் திரைக்கான இருபது கிலோபைட் விருந்தோம்பியின் கணக்கில் போகிறது. ஆறுக்கும் குறைவாக இருந்த இடம் நாற்பத்துநான்கு ஆனதை எண்ணிப் பாருங்கள். அதே ஆண்டில், 6 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட் 80 பெட்டியும் வந்தது. அதைச் செருகினால் பள்ளிக்கூடத்துப் பொறி சி.பி./எம். பேசும் அலுவலகப் பொறி ஆகிவிடும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. நிரல் எழுதுவோர் ஒழுங்கு தவறாதவராக இருக்க வேண்டும். திரையில் ஒன்றைக் காட்ட வேண்டுமானால், இயக்க முறைமையிடம் முறைப்படி கேட்க வேண்டும். நேரே திரை நினைவகத்தில் கைவைத்து எழுதினால் வேகம் கிடைக்கும். விளையாட்டு நிரல் எழுதியோர் பலர் அவ்வாறே செய்தனர். டியூப் செருகிய பொறியில் அந்நிரல்கள் ஓடவில்லை. அவை கைவைத்த முகவரி இப்போது வேறு அறையில் அன்றோ இருக்கிறது? வாசலில் நின்று குரல் கொடுத்துக் கேட்ட நிரல்கள் எந்த வீட்டிலும் பிழைத்தன. சுவரேறிக் குதித்தவை வீடு மாறியதும் விழுந்தன. ஏகார்ன் நிறுவனத்தார் தம் கையேடுகளில் இதை முன்னரே எச்சரித்திருந்தனர்.

இனி இக்கதையின் பெரும்பகுதிக்கு வருவோம். ஏகார்ன் நிறுவனத்துக்கு அடுத்த தலைமுறைப் பொறிக்கு ஏற்ற செயலி வேண்டியிருந்தது. சந்தையில் கிடைத்த பதினாறு பிட், முப்பத்திரண்டு பிட் செயலிகளை அவர்கள் ஆராய்ந்தனர். ஒரு புதிய செயலியைச் சோதிக்க முழுக் கணிப்பொறி ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தால் காலமும் பொருளும் எவ்வளவு ஆகும்! அவர்களுக்கோ டியூப் இருந்தது. செயலியும் நினைவகமும் கொண்ட ஒரு பலகையைச் செய்து செருகினால் போதும். விசைப்பலகை, திரை, வட்டு எல்லாம் ஆயத்தமாக இருந்தன. ஆராய்ந்து பார்த்ததில் எதுவும் அவர்களுக்கு நிறைவு தரவில்லை. பெரிய செயலிகள், நினைவகம் தரக்கூடிய வேகத்தை முழுவதும் பயன்படுத்திக்கொள்ளத் தெரியாதவையாக இருந்தன. சில நீண்ட கட்டளைகளைத் தொடங்கிவிட்டால், இடையில் அவசரமாகக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாராமல் கிடந்தன. எளிய 6502இன் சுறுசுறுப்பு அவற்றில் இல்லை.

அப்படியானால் நாமே ஒரு செயலியைச் செய்தால் என்ன என்று இருவருக்குத் தோன்றியது. ஒருவர் சோபி வில்சன். மற்றவர் ஸ்டீவ் பர்பர். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் 6502இன் வழித்தோன்றலை வடிவமைத்துக்கொண்டிருந்த நிறுவனத்தைக் காண அவர்கள் சென்றனர். பெரிய மாளிகையை எதிர்பார்த்துச் சென்றவர்கள் அங்கே கண்டது ஒரு சிறு குழுவை. இவர்களால் இயலுமானால் நம்மாலும் இயலும் என்ற துணிவோடு திரும்பினர். கட்டளைகளைக் குறைத்து எளிமையாக்கினால் செயலி விரைவு பெறும் என்ற கருத்து கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அக்காலத்தில் ஆராயப்பட்டு வந்தது. அதையும் அவர்கள் எடுத்துக்கொண்டனர். வேறு எவரும் தம் பொறிஞர்களுக்குத் தராத இரண்டு நலன்களைத் தாம் தந்ததாக ஹவுசர் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு. ஒன்று, பணம் இல்லாமை. மற்றொன்று, ஆள் இல்லாமை. செயலி எளிமையாக இருந்தே தீர வேண்டியதாயிற்று.

1983 அக்டோபரில் பணி தொடங்கியது. புதிய செயலியின் கட்டளைகள் எவ்வாறு நடக்கும் என்பதை வில்சன் பேசிக் மொழியில் எழுதி ஒத்திகை பார்த்தார். அந்த ஒத்திகை நடந்தது எதில் தெரியுமா? 6502 இரண்டாம் செயலி பூட்டிய ஒரு பி.பி.சி. மைக்ரோவில். பர்பர் எழுதிய மாதிரியும் பேசிக்கில் எண்ணூற்றுச் சில வரிகளே. 1985ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் முதற் சில்லுகள் வந்து சேர்ந்தன; முதல் முயற்சியிலேயே இயங்கின. அவற்றில் இருந்த டிரான்சிஸ்டர்கள் ஏறத்தாழ 25,000. அச்சில்லை எங்கே பூட்டினர்? அதே டியூப் வாயில். பெரிய பொறி ஒன்றும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பி.பி.சி. மைக்ரோவின் இரண்டாம் செயலியாகவே உலகில் முதன்முதல் கண் விழித்தது அது. அதன் பெயர் ஆர்ம்.

சோதனையின்போது நிகழ்ந்த ஒன்றைப் பர்பர் சொல்லியிருக்கிறார். செயலிக்குச் செல்லும் மின்னோட்டத்தை அளக்க முயன்றபோது அளவி சுழியைக் காட்டியது. பலகையில் ஒரு பிழையால் செயலிக்கு மின் இணைப்பே தரப்படவில்லை. அவ்வாறிருந்தும் அது ஓடிக்கொண்டிருந்தது! சுற்றியுள்ள சில்லுகளிலிருந்து குறிக்கம்பிகள் வழியே கசிந்த மின்சாரமே அதற்குப் போதுமானதாக இருந்தது. விலை குறைந்த பிளாஸ்டிக் உறையில் அடைக்க வேண்டுமானால் ஒரு வாட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதே அவர்கள் குறிக்கோள். அந்த இலக்குக்கும் மிகக் கீழே அது நின்றது. 1990இல் ஆர்ம் தனி நிறுவனமாயிற்று. அவ்வகைச் செயலிகள் இதுவரை 25,000 கோடிக்கும் மேல் வெளிவந்துள்ளன. மின்கலத்தில் ஓடும் கைப்பேசிக்குச் சிறிதளவே மின்சாரம் உண்ணும் செயலி தேவைப்பட்டது; அதுவே காரணம். உங்கள் வீட்டில் உள்ள கைப்பேசியினுள்ளும் பெரும்பாலும் அவ்வினத்துச் செயலியே இருக்கும்.

இனி நம் நாட்டுக்கு மீள்வோம். கிளாஸ் திட்டம் பின்னர் விரிந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளை எட்டியது. ஆனால் 1990களில் அரசு பி.பி.சி. மைக்ரோவை விட்டுவிட்டு, 486 வகைச் செயலி கொண்ட பொறிகளை வழங்கத் தொடங்கியது. மூளையை மாற்றவில்லை, பொறியையே மாற்றிவிட்டனர். அதைக் குறை என்று எளிதில் சொல்லிவிட முடியாது. ஐ.பி.எம். வகைப் பொறிகளே எங்கும் பரவிவிட்டன. பள்ளியை விட்டு வெளியேறும் மாணவனுக்கு வேலை தரும் அலுவலகங்களில் இருந்தவை அவையே. உதிரிப் பாகங்கள் கடைத்தெருவில் கிடைத்ததும் அவற்றுக்குத்தான். ஆயினும் ஓர் இழப்பு நேர்ந்தது. புதிய பொறியின் மூடியைக் கழற்றிப் பார்த்தாலும் எது எதனோடு பேசுகிறது என்று மாணவனுக்கு விளங்காது. பழைய பொறியிலோ ஒவ்வொரு கம்பியின் பணியும் கையேட்டில் அச்சிடப்பட்டிருந்தது. இரண்டாம் மூளைக்குரிய வாய் திறந்தே கிடந்தது. நம் மாணவருள் ஒருவர் அந்த வாயில் தம் கையால் செய்த ஒரு பலகையைச் செருகியிருக்கலாம். அதற்கு வேண்டியவை பொறியும் கையேடும் மட்டுமல்ல. சில்லுகளும், அவற்றைச் செய்யும் தொழிற்கூடங்களும் நாட்டில் இருக்க வேண்டும்.

மொகாலி நிறுவனத்தின் வரலாறு இங்கேதான் நெஞ்சை வருத்துகிறது. 1984இல் சில்லு உற்பத்தியைத் தொடங்கிய அந்நிறுவனத்தில் 1989 பிப்ரவரியில் பெருந்தீ மூண்டது. தொழிற்கூடம் பெரும் சேதமடைந்தது. மீண்டும் எழுந்து நிற்கப் பல்லாண்டுகள் ஆயின. அதற்குள் உலகம் வெகுதூரம் போய்விட்டது. பின்னர் அது விண்வெளித் துறையின்கீழ் ஒரு ஆய்வுக்கூடமாயிற்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழுவினர் ‘சக்தி’ என்னும் செயலிக் குடும்பத்தை வடிவமைத்தனர். ரிஸ்க்-5 என்ற கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டவை அவை. அத்தொகுதிக்கு எவரிடமும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. பிறந்த இடம் முன்னே சொன்ன அதே பெர்க்லி. சக்தி இனத்துச் சில்லு ஒன்று 2018இல் மொகாலியில் வார்க்கப்பட்டது. பி.பி.சி. மைக்ரோவை இந்நாட்டில் செய்ய முற்பட்ட அதே இடத்தில், முப்பத்துச் சில ஆண்டுகளுக்குப் பின், சென்னையில் வரைந்த செயலி உருப்பெற்றது.

பழைய பொறிகள் என்னவாயின? பெரும்பாலானவை கழித்துக் கட்டப்பட்டன. எஞ்சியவற்றை உலகெங்கும் ஆர்வலர்கள் பேணி வருகின்றனர். அவர்கள் அந்தப் பழைய வாயில் இன்று எதைச் செருகுகிறார்கள் என்பது வியப்புக்குரியது. கேம்பிரிட்ஜில் 2012இல் வெளிவந்த ராஸ்ப்பெரி பை என்னும் உள்ளங்கை அகலக் கணிப்பொறியை, ‘பை டியூப் டைரக்ட்’ என்ற மென்பொருளின் உதவியால் டியூப்போடு இணைக்கின்றனர். பையின் மூளை ஆர்ம் இனத்தது. இணைப்பில் ஒரு தடை உண்டு. பழைய பொறி ஐந்து வோல்ட்டில் பேசும், பையோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஆகவே நடுவே மின்னழுத்தம் மாற்றும் சிறு பலகை ஒன்று வேண்டும். அதை வைத்துவிட்டால், பை தன்னை 6502 என்று காட்டிக்கொள்ளும். வேண்டுமானால் இசட் 80 ஆகும். முதற்கால ஆர்ம் ஆகவும் வேடம் பூணும். விருந்தோம்பிக்கு எதிரே இருப்பது உண்மைச் செயலியா, வேடதாரியா என்று தெரியாது. மாடத்தில் ஓலை சரியாக வந்தால் அதற்குப் போதும். 1981இல் அந்த வாயை வரைந்தவர்கள் பையைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள்.

பள்ளியின் பண்டக அறையில் அத்தகைய பழைய பொறி ஏதேனும் உங்கள் கண்ணில் பட்டால், ஒரு சொல். உடனே மின்சாரத்தில் செருகிவிடாதீர்கள். அதன் மின்வழங்கியில் உள்ள வடிகட்டும் மின்தேக்கிகள் ஆண்டுக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சி வெடித்துப் புகையக் கூடியவை. மின்னணுத் தொழில் அறிந்தவரைக் கொண்டு அவற்றை மாற்றிய பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

பொறி கிடைக்காதவர்கள் வருந்த வேண்டியதில்லை. ‘பீப் எம்’ போன்ற போலியாக்கி மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. உங்கள் கல்லூரிக் கணிப்பொறியிலேயே பி.பி.சி. மைக்ரோவை நடிக்கச் செய்யலாம். அதில் 6502 இரண்டாம் செயலியைச் சேர்த்துக்கொள்ளவும், நீக்கிவிடவும் வசதி உண்டு. இரண்டாம் செயலி இல்லாமல், பேசிக்கில் பத்தாயிரம் முறை சுற்றும் ஒரு சுழலில் ஏதேனும் ஒரு பெருக்கலை எழுதி ஓட்டுங்கள். பொறியின் உள்ளே நொடியை நூறு பங்காக எண்ணும் கடிகாரம் உண்டு. அதைக்கொண்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டாம் செயலியைச் சேர்த்து அதே நிரலை மீண்டும் ஓட்டுங்கள். 2 மெகாஹெர்ட்ஸுக்கு 3 மெகாஹெர்ட்ஸ் என்பதால் வேகம் ஒன்றரை மடங்கு என்று எதிர்பார்ப்பீர்கள். அதற்கும் சற்றே மேலாக இருக்கக் காண்பீர்கள். நொடிக்கு நூறு முறை கடிகாரத்தைத் தள்ளிவிடும் சில்லறை வேலை இப்போது விருந்தோம்பியின் பொறுப்பு ஆகிவிட்டதன்றோ? அடுத்து, சுழலுக்குள் ஒவ்வொரு விடையையும் திரையில் அச்சிடுமாறு ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். இம்முறை கிடைக்கும் மடங்கு வேறாக இருக்கும். இருபத்துநான்கு எழுத்துகள் கொள்ளும் அந்த மாடம் நிறைந்துவிட்டால் எந்தச் செயலி எதற்காகக் காத்து நிற்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், காரணம் உங்களுக்கே விளங்கும்.